மதினியின் தலைமுடியும் அரசாங்கத்தின் கணக்கும்

தலைக்கு அடிக்கும் டையின் வாடை எனக்கு ஆகவே ஆகாது. அழுகிய முட்டையையும் பினாயிலையும் ஒன்றாகக் கலக்கிய மாதிரி ஒரு நெடி. மூக்கில் ஏறிவிட்டால் அன்று முழுக்கச் சோற்றிலும் அதுதான் மணக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் சிலமலையில் என் மதினி வீட்டுக்குப் போனால், அந்த நெடிதான் வாசலுக்கே வந்து என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போகும்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மதினிக்கு எழுபது நெருங்குகிறது. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, பாக்கெட் பொடியைக் கொட்டாங்கச்சியில் கரைத்து, தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால் நெற்றி முடியிலிருந்து பின்கழுத்துவரை பூசிக்கொண்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருப்பார். காதோரம் கருப்பாக வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கி நிற்கும். காதுக்குப் பின்னால் தோல் வெந்து உரிந்து, புண் ஆறுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். ஈ வந்து உட்காரும். பார்க்கவே எனக்குக் குமட்டும்.

"என்ன மதினி இந்தக் கண்றாவி, இந்த வயசுல யாருக்கு அழகு காட்டணும்?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

"ஒனக்கென்ன ஆத்தா, ஒன் தலை வெளுத்தா கவர்மென்டு ஒக்கார வச்சுச் சோறு போடுது. என் தலை வெளுத்தா ஜீப்புல எடம் குடுக்க மாட்டேங்கிறான்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் மதினியைவிடச் சின்னவள். போடியில் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தலை இலவம்பஞ்சாக வெளுத்து எத்தனையோ நாளாகிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. மாதம் பிறந்தால் என் பென்ஷன் பாங்கில் வந்து விழும். தலை எந்த நிறம் என்று யாரும் கேட்பதில்லை.

ஜீப் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் பெண்கள் மலைக்குப் போவது காலங்காலமாக நடப்பது. ஏலத்தோட்டங்கள் மேலே, கேரளத்தில். வீடு கீழே, இங்கே. விடியும் முன் ஜீப் வந்து ஊர் முனையில் நிற்கும். முண்டியடித்து ஏறி, ஒருவர் மடியில் ஒருவராக வளைந்து வளைந்து மேட்டுக்குப் போய், செக்போஸ்ட் தாண்டி, சாயங்காலம்வரை குத்துக்காலிட்டு ஏலச்செடியின் அடியில் கிடக்கும் சரத்திலிருந்து காய் பறிக்க வேண்டும். இடுப்பில் உரச்சாக்கைக் கட்டியிருப்பார்கள். தரை எப்போதும் ஈரம். அட்டை கடிக்கும். முந்தின நாள் அடித்த பூச்சிமருந்து செடியிலிருந்து சொட்டி முகத்தில் விழும். ஊருக்கெல்லாம் பாயசத்தில் மணக்கிற ஏலக்காய் பறிக்கிற இடத்தில் அப்படி மணப்பதில்லை.

யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று தீர்மானிக்கிறவர் கங்காணி. ஜீப்பின் பின்பக்கம் நின்றுகொண்டு செல்போன் வெளிச்சத்தை ஒவ்வொரு முகத்திலும் அடிப்பார். நெற்றியோரம் நரை தெரிந்தால் முடிந்தது. "ஆத்தா, நீ வீட்ல கெட. மேல சறுக்கி விழுந்து தொலைஞ்சா முதலாளிக்கு நான்ல பதில் சொல்லணும்" என்பார். இத்தனைக்கும் அவர் மீசைக்கு அவரே டை அடித்திருப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரில் கொல்லைக்குக் கொல்லை கொட்டாங்கச்சியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு டை அடிக்கும் பெண்களைவிடக் கங்காணிக்கு டை அடிக்கும் பெண்கள் அதிகம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கணக்கெடுப்புப் பெண் வந்தாள். வீடு வீடாகப் போய் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டுக் கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டு போகும் வேலை அவளுக்கு. நல்ல பிள்ளை. வெயிலில் முகம் கன்றியிருந்தது. மதினி கொல்லையில் பிளாஸ்டிக் பையோடு இருந்தார். நான் முன்னறையில் இருந்தேன். பதில் சொல்ல வந்து உட்கார்ந்தவன் மதினியின் மகன்.

இவனைப் பற்றிச் சொன்னால் என் வாய்தான் நாறும். நாற்பது தாண்டியவன். அண்ணன் விட்டுப்போன கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, குத்தகைப் பணத்தில் டீக்கடையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பான். பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். விடியலில் அம்மா ஜீப்புக்குக் கிளம்பும்போது இவன் போர்வைக்குள்ளிருந்து, "எனக்குக் காப்பி போட்டு வச்சிட்டுப் போ" என்பான்.

அந்தப் பெண் கேட்டாள். "நீங்க என்ன பண்றீங்கண்ணே?"

"விவசாயம்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவன் மண்வெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"அம்மா?"

"அம்மா வீட்ல சும்மாதான் இருக்காங்க."

 நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்து முறைத்தான். அந்தப் பெண் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

"ஏன்டா, ஒங்கம்மா சும்மாவாடா இருக்கா?" என்றேன்.

"அத்தை, படிச்சவங்க நீங்க, இதுகூடவா தெரியாது? மலைக்குப் போகுதுன்னு எழுதிட்டா முதியோர் பென்ஷன நிப்பாட்டிருவாய்ங்க" என்றான்.

அவன் சோம்பேறியே தவிர முட்டாள் இல்லை. அரசாங்கம் முதியவர்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற அந்தத் தொகை, ஆதரவு இல்லாதவர்களுக்கும் உழைக்க முடியாதவர்களுக்கும் என்று வைத்திருப்பது. வேலைக்குப் போவது தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. மதினி கொல்லையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். துண்டெல்லாம் கருப்பு.

"அவன் சொல்றது சரிதான் ஆத்தா. காய் இருக்குற மாசம் மலையில கெடைக்கிறத வச்சு ஒல வச்சிருவேன். காயில்லாத மாசத்துக்கு அந்தப் பென்ஷன்தான். ரெண்டுல ஒண்ணு போனாலும் இவன்கிட்டத் தட்ட நீட்டிக்கிட்டு நிக்கணும். அதுக்கு மேட்டுலேயே உருண்டு செத்துப்போகலாம்" என்றார், மகன் காதுபடவே. அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் எங்கள் ஓய்வூதியர் கூட்டம் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை போடியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ஒருவர் சர்க்கரையை ஒருவர் விசாரித்துக்கொண்டு, பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். அந்த முறை சிறப்புரை ஆற்ற ஓய்வு பெற்ற பொருளாதாரப் பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தார்கள். ஐம்பது தாண்டியதுமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். பாடம் நடத்திய காலத்தைவிடப் பென்ஷன் வாங்கும் காலம் நீண்டுவிடும் போலிருந்தது. ஆனால் ஆள் மினுமினுவென்று இருந்தார். கருகருவென்ற தலை.

அவர் பேசிய விஷயம், அரசாங்கம் கொடுக்கும் பென்ஷன்கள் எதிர்காலத்தில் தாங்குமா என்பது. நன்றாகத்தான் பேசினார், அதை மறைக்க மாட்டேன். பென்ஷன் என்பது எங்கோ பெட்டியில் பூட்டி வைத்த பணம் இல்லை, இன்றைக்கு வேலை செய்கிறவர்களிடமிருந்து வருவதுதான் பெரும்பாலும் நமக்கு வந்து சேர்கிறது என்றார். வேலை செய்கிற கைகள் குறைந்து, உட்கார்ந்து வாங்குகிற வாய்கள் கூடினால் ஒவ்வொரு கையின் மேலும் பாரம் ஏறும். வீட்டில் இருக்கிறவர்கள் வேலைக்கு வந்தால் அரசாங்கத்துக்கு வரவு கூடும், பாரம் பரவும். தெம்பு உள்ளவர்கள் இன்னும் சில வருஷம் வேலையில் இருந்தால், வரவும் நீளும், கொடுக்க வேண்டிய காலமும் குறையும். ஆகவே பென்ஷன் நிலைக்குமா என்பதைப் பென்ஷன் விதிகளைவிட, ஊரில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும் என்றார்.

சரியான பேச்சு. கருவூலத்தில் இருந்தவளுக்கு இது புதிதும் இல்லை. வருகிற பக்கம் சுருங்கிப் போகிற பக்கம் விரிந்தால் என்ன ஆகும் என்று என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். நானும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

அடுத்துச் சொன்னதற்குத்தான் என் தலை ஆடவில்லை. "நம்ம பக்கத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு மேல வேலைக்கே வர்றதில்ல. நான் சொல்லல, கணக்கெடுப்பு சொல்லுது. வீட்ல உக்காந்துக்கிட்டு, அறுபது ஆனதும் முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டுர்றாங்க. ஒரு நாளும் உழைக்காதவங்களுக்கெல்லாம் கொடுத்துக்கிட்டே இருந்தா, உழைச்ச நமக்கு நாளைக்கு என்ன மிஞ்சும்?" என்றார். மண்டபம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே தட்டினார்.

எனக்குக் கொல்லையில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்த மதினிதான் கண்முன் வந்தார். வேலைக்குப் போவதைச் சொன்னால் பென்ஷன் நிற்கும். ஆகவே சும்மா இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தச் 'சும்மா' எல்லாம் சேர்ந்து சென்னைக்கும் தில்லிக்கும் போய், இந்த ஊர்ப் பெண்கள் உழைப்பதில்லை என்று திரும்பி வருகிறது. உழைக்காதவர்களுக்கு இவ்வளவு பென்ஷனா, கஜானா தாங்காதே என்று பயம் வருகிறது. பயம் வந்ததும் யாருடையதை வெட்டலாம் என்று ஆய்வுக்குக் கிளம்புகிறார்கள். ஆய்வுக்குப் பயந்து இவர்கள் இன்னும் பலமாகச் சும்மா இருப்பதாகச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்று ஒரு வாய் கத்துகிறது, வேலைக்குப் போனால் பிடுங்கிக்கொள்வேன் என்று இன்னொரு வாய் மிரட்டுகிறது, இரண்டும் ஒரே முகத்தில் இருக்கின்றன.

எழுந்து கேட்டேன். "ஐயா, விடியக்காலம் நம்ம ஊரெல்லாம் ஜீப் ஜீப்பாப் பெண்கள் மலைக்குப் போறாங்களே, அவங்களை அந்தக் கணக்குல எங்க எழுதியிருக்கு?"

சிரித்தார். "அது சீசன் வேலைம்மா. அதுவும் அடுத்த மாநிலத்துல. நம்ம கணக்குல எப்படி வரும்?"

"அப்ப அவங்க கணக்குல வருமா?"

"அவங்க அங்க குடியிருக்கலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலை அந்தப் பக்கம், உடம்பு இந்தப் பக்கம் என்றால் ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறது. கூட்டம் முடிந்து மேடையிலிருந்து இறங்கி, எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு என்னைத் தாண்டிப் போனார். அவர் போன பிறகு அந்த நெடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்த நெடி. சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

பயந்தபடியே ஆய்வு வந்தது. முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் நேரில் வந்து காட்ட வேண்டும் என்று சிலமலையில் தண்டோரா போடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம். அரசாங்க வேலையில் இருந்தவள் கூட நின்றால் நாலு வார்த்தை பேச உதவும் என்று நானும் காலை பஸ்சில் போய் இறங்கினேன்.

மதினி எனக்கு முன்பே முகாமுக்கு வந்திருந்தார். பளபளவென்று எண்ணெய் வைத்து வாரி, இறுக்கிக் கொண்டை போட்டு, நல்ல சேலை கட்டி நின்றார். முந்தின நாள்தான் புதிதாக டை அடித்திருந்தார். ஒரு வெள்ளை முடி கண்ணில் படவில்லை.

"மதினி, இன்னைக்கா டை அடிப்பீங்க?"

"ஆபீசரப் பாக்கப் போகையில நரைச்ச பரட்டையோட போனா மரியாதையா இருக்குமா ஆத்தா?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் அவரை மேலும் கீழும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லோரும் கருப்புத் தலையைத்தான் கேட்டிருக்கிறார்கள். வெள்ளைத் தலையைக் கேட்கிற ஓர் ஆளும் உலகத்தில் இருப்பான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சுற்றிப் பார்த்தேன். வரிசையில் நின்ற கிழவிகள் பாதிப் பேர் அதே மாதிரி எண்ணெய் வழிய, கருகருவென்று, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல நின்றுகொண்டிருந்தார்கள். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சின்ன வயசு அதிகாரி. மரியாதையான பையன்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "வாங்க பாட்டி, உக்காருங்க. பேர் சொல்லுங்க. இவங்க யாரு, மகளா?"

"தம்பி, நான் அரசு ஓய்வூதியர். மனுதாரர் இவங்க. என்னைவிட மூத்தவங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஆதாரைப் பார்த்தார், மதினியின் தலையைப் பார்த்தார். மறுபடி ஆதாரைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டச் சொன்னார். மதினி தயங்கித் தயங்கி நீட்டினார். விரல் நுனிகள் வெடித்து, நகக்கண் எல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. எவ்வளவு கழுவினாலும் போகாத ஏலக்காய் மணம் மேஜைவரை வந்தது.

"மலைக்குப் போறீங்களா?"

"இல்ல சாமி. வீட்ல சும்மாதான் இருக்கேன்."

"டை அடிக்க வசதியிருக்கு, மலை ஏறத் தெம்பிருக்கு. இது ஆதரவில்லாதவங்களுக்கும்மா. உழைச்சுச் சாப்பிடுறவங்களுக்கு இல்ல" என்றார்.

"வயசு ஆதார்லேயே இருக்கே தம்பி, வேறென்ன வேணும்?" என்று நான் குரலை உயர்த்தினேன்.

"வயசு சரிங்கம்மா. நாளைக்கு மேலேர்ந்து ஆய்வுக்கு வந்தா நான்தானே பதில் சொல்லணும்? இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறேன். இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்."

'நான்தானே பதில் சொல்லணும்' என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு கங்காணியும் இவரும் பிழைக்கிறார்கள். உழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இல்லையாம். இதைச் சொன்ன அந்தப் பையன் மேல்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அப்படி ஒரு வாக்கியத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தோடு சொல்ல முடிகிற அளவுக்கு அதைப் பழக்கமாக்கி வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால்தான் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. என் பென்ஷனுக்குக் காரணம் நான் உழைத்தது. மதினியின் பென்ஷன் நின்றதற்கும் காரணம் அவர் உழைத்தது. நான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உழைத்தேன், அவர் மழையில் குத்துக்காலிட்டு உழைத்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியில், பணம் வரும்வரை மாதாமாதம் நான் தருகிறேன் என்றேன். மதினி நின்றுவிட்டார்.

"வேணாம். இன்னைக்கு நான் ஒங்கிட்ட வாங்கினா, நாளைக்கு எம்மகன் ஒன் வாசல்ல வந்து நிப்பான். அப்புறம் அவன வெரட்ட ஒன்னால ஆகாது." அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

அடுத்த சில வாரம் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. டையை நிறுத்தினால் அதிகாரிக்கு நரை காட்டலாம். ஆனால் அது நல்ல காய்ப்புக் காலம். கங்காணி இறக்கிவிட்டால் கையில் இருக்கும் வேலையும் போய்விடும். நிறுத்திப் பார்த்தார். அடியில் வெள்ளையும் நுனியில் கருப்புமாக முடி வளர்ந்து, தலை இரண்டு பக்கத்துக்கும் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. ஒரு விடியலில் கங்காணி வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, ஒனக்கும் வயசாகிப்போச்சா?" என்று கேட்டிருக்கிறார். ஜீப்பில் எல்லோரும் சிரித்தார்களாம். அன்றைக்கு மட்டும் ஏற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமே மதினி மறுபடி கொட்டாங்கச்சியை எடுத்தார். காதுக்குப் பின்னால் புண் நீர் கோத்துக்கொண்டது.

பிறகு ஒரு நாள் ஊர்ச்சனத்தோடு வேன் பிடித்துப் பழனிக்குப் போய்விட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆச்சரியம். மதினி அப்படி வேண்டுதல் வைத்து நான் பார்த்ததில்லை. அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட ஒரு சாமிக்கும் ஒன்றும் நேர்ந்துகொள்ளாத பெண்பிள்ளை. போய்ப் பார்த்தேன். மொட்டைத் தலை. தலை நிறையச் சந்தனம். முகமே யாருடையதோ போலிருந்தது. ஆனால் அந்த வீட்டில் முதல் முறையாக டை நெடி இல்லை.

"என்ன வேண்டுதல் மதினி?"

பஞ்சாமிர்தத்தை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார். "டை அடிச்ச முடிய எல்லாம் எறக்கியாச்சு. இனி மொளைக்கிறது வெள்ளையாத்தான் மொளைக்கும். ஆபீசருக்கு அதக் காட்டுவேன்."

"கங்காணிக்கு?"

"சந்தனத்தப் பூசிட்டா கருப்பு எது, வெள்ளை எது?"

சொன்னபடியே செய்தார். சந்தனம் பூசிய தலையோடு ஜீப்புக்குப் போனபோது கங்காணி செருப்பைக் கழற்றிவிட்டுப் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு, "முன்னாடி ஏறுத்தா" என்று டிரைவர் பக்கத்தில் இடம் கொடுத்தாராம். சில நாள் கழித்துத் தலையைச் சுத்தமாகக் கழுவி, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அதிகாரியைப் போய்ப் பார்த்தார். நானும் போனேன். தலை முழுக்க உப்பைத் தூவியது போல் வெள்ளைக் கட்டை முடி. அதிகாரி பார்த்தார். மனம் இரங்கிவிட்டது. "இப்பத்தான் பாட்டி மாதிரி இருக்கீங்க" என்று சொல்லி, அங்கேயே பென்ஷனை மறுபடி விடச் சொல்லிவிட்டார். மறுநாள் விடியலில் வெள்ளை முடியின் மேல் சந்தனம் ஏறியது. மதினி மலைக்கு ஏறினார்.

ஊர் அவரைப் பக்தை என்று சொல்ல ஆரம்பித்தது. முடி கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொரு கோயிலில் போய் இறக்கினார். கேட்டால், "நம்ம பக்கம் சாமிக்கா பஞ்சம்?" என்பார். அவர் பெருமையாகச் சொன்னார், எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் மேல் இல்லை. எழுபது வயதுக்காரி ஒருத்தி தன் உழைப்பையும் வயதையும் ஒருசேர வைத்துக்கொள்ள மாதாமாதம் மொட்டையடிக்க வேண்டியிருக்கிற இந்த ஏற்பாட்டின் மேல்.

போன வாரம் சந்தனம் வாங்க வேண்டும் என்று போடிக்கு வந்திருந்தார். நாட்டுமருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பேராசிரியரும் ஏதோ வாங்க வந்தார். என்னை அடையாளம் தெரிந்து வணங்கிவிட்டு, மதினியின் தலையைப் பார்த்ததும் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"பழனியாம்மா? நல்லது, நல்லது. இந்த வயசுல சோலி எதுவும் இல்லாம ஓய்வா கோயில் கோயிலாப் போறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்" என்றார்.

மதினி முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டு, "ஆமா சாமி, வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றார். பழகிய வாய். எனக்குப் பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மதினி என் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். 

பேராசிரியர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். மதினி மூக்கைச் சுருக்கினார். அவர் போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஆத்தா இவரு?"

"காலேஜ் வாத்தியார். பென்ஷன் வாங்குறார்."

"தலைக்கு டை அடிச்சிருக்காரே! அதே பாக்கெட்டுதான், வாடை அடிக்குது."

"ஆமா."

 மதினி என் பக்கம் நெருங்கி, அவருக்குக் கேட்டுவிடப் போகிறது என்று குரலைத் தாழ்த்தினார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமான கவலை.

"ஐயோ பாவம், கூப்புட்டுச் சொல்லு ஆத்தா. ஆபீசரு பாத்துட்டா அவருக்கும் நிப்பாட்டிருவாய்ங்க" என்றார்.